தனியா பிரிஞ்சு வர்ற கம்பெனிக்கு என்ன விலை போடறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் வெச்சிருக்கற ஒரு பெரிய கம்பெனி அதோட ஒரு பிசினஸை தனியா பிரிச்சு லிஸ்ட் பண்ணப் போகுதாம், நாலு ஷேருக்கு ஒரு புது ஷேர் தர்றாங்க. ஓசில வர்ற ஷேர்தானே, வந்த அன்னிக்கே வித்துடவா, இல்ல இன்னும் கொஞ்சம் வாங்கவா?

பதில்: ஓசியெல்லாம் இல்லைங்க. உங்க பழைய ஷேருக்குள்ள இருந்த மதிப்புதான் வெளிய வருது, அந்த அளவுக்கு பழைய ஷேர் விலை இறங்கிடும்.

லிஸ்ட் ஆன புதுசுல ஓடற விலையை வெச்சு கம்பெனியை எடை போடாதீங்க. அப்ப விக்கறவங்கள்ல நிறைய பேர் கம்பெனி நல்லதா கெட்டதான்னு பார்த்து விக்கறதில்ல, நிஃப்டி, சென்செக்ஸ் மாதிரி ஒரு இண்டெக்ஸை அப்படியே காப்பி அடிக்கற இண்டெக்ஸ் ஃபண்டுக்காரங்க இண்டெக்ஸ்ல இல்லாததை வெச்சிருக்க முடியாது, அதனால விக்கறாங்க. ரிலையன்ஸ்ல இருந்து பிரிஞ்ச ஜியோ ஃபைனான்சியல் 2023 ஆகஸ்ட் 21 லிஸ்ட் ஆகி தொடர்ந்து லோயர் சர்க்யூட் (ஒரு நாள்ல விலை இறங்கறதுக்கு விட்டிருக்கற கடைசி எல்லை) அடிச்சது ஞாபகம் இருக்கும், அதனாலயே அதை இண்டெக்ஸ்ல இருந்து எடுக்கற தேதி கூட தள்ளித் தள்ளிப் போச்சு. இந்த மாதிரி கட்டாய விற்பனைலதான் சில சமயம் நல்ல சரக்கு சல்லிசா கிடைக்கும். சில சமயம்தான்!

சரி, கணக்குக்கு வருவோம். புது கம்பெனியோட வருஷ எபிட்டா (வட்டி, வரி, தேய்மானம் கழிக்கறதுக்கு முன்னாடி வர்ற லாபம்) 100 கோடி, அதே தொழில்ல இருக்கற மத்த கம்பெனிங்க கடனையும் சேர்த்து அவங்க எபிட்டாவுக்கு 8 மடங்கு மதிப்புல டிரேட் ஆகுதுன்னு வைங்க, இதோட மதிப்பு 800 கோடி. தாய் கம்பெனி இது தலையில 300 கோடி கடனை ஏத்தி அனுப்புதுன்னா மிச்சம் 500, மொத்த ஷேர் எண்ணிக்கை 10 கோடின்னா ஒரு ஷேருக்கு 50 ரூபாய். பல பேர் இதோட நிறுத்திடறாங்க. இதுவரைக்கும் ஐடி, அக்கவுன்ட்ஸ், லீகல் எல்லாம் தாய் வீட்டு செலவுல ஓடிச்சே, இனிமே யார் குடுப்பா? அதுக்கு வருஷம் 15 கோடின்னா எபிட்டா 85 ஆகிடும், 8 மடங்குக்கு 680, கடன் போக 380, ஷேருக்கு வெறும் 38 தான். இந்த ஒரு வரியை விட்டா நாலுல ஒரு பங்கு மதிப்பு காணாம போயிடுது பாருங்க.

கடனை விட மோசமானது பழைய வழக்குங்க. அமெரிக்காவோட ஹனிவெல் 2018ல டர்போ சார்ஜர் செய்யற கேரட் மோஷனை பிரிச்சப்ப, பழைய ஆஸ்பெஸ்டாஸ் நஷ்டஈட்டு செலவுல பெரும்பங்கை கேரட் வருஷா வருஷம் ஹனிவெல்லுக்கு குடுக்கணும்னு ஒப்பந்தம் போட்டுத்தான் அனுப்பிச்சாங்க, உச்சவரம்பே வருஷத்துக்கு 17.5 கோடி டாலர். டர்போ சார்ஜர் தொழில் நல்ல தொழில்தான், ஆனா 2020 செப்டம்பர்ல திவால் பாதுகாப்பு கேட்டு கோர்ட்டுக்குப் போயிட்டாங்க. அதனால பிரிவினை டாக்குமெண்ட்ல முன்பக்க கலர் படத்தை விட்டுட்டு, யார் எந்த பொறுப்பை ஏத்துக்கறாங்கங்கற பகுதியை படிங்க, போரடிக்கும், பரவால்ல. அப்புறம் திறமையான மேனேஜருங்க எந்தப் பக்கம் போறாங்க, அவங்களுக்கு எந்த கம்பெனி ஷேர் சம்பளமா போகுதுன்னும் ஒரு கண்ணு வைங்க.

இதெல்லாம் பார்த்து உங்க கணக்கு மார்க்கெட் விலையை விட நல்லா மேல நின்னா வாங்குங்க. இல்லன்னா விக்கறதுல தப்பே இல்ல, முதல் நாளே விக்கணும்னுதான் அவசியமில்ல.

கேள்வி: தாய் கம்பெனி விலைல இருந்து குட்டி கம்பெனி விலையை கழிச்சா மிச்ச பிசினஸ் கிட்டத்தட்ட இலவசமா கிடைக்குதே, வாங்கலாமா?

பதில்: இலவசம் என்ன, மைனஸ்லயே போயிருக்கு. 2000 மார்ச் 2ல அமெரிக்காவோட 3காம் கம்பெனி, தன்கிட்ட இருந்த பாம் (Palm) கம்பெனி ஷேர்ல சுமார் 5 சதவீதத்தை மட்டும் ஐபிஓவுல (முதல் தடவையா பொதுமக்களுக்கு ஷேர் விக்கறது) வித்தாங்க, மிச்சத்தை 3காம் ஷேருக்கு சுமார் ஒன்றரை பாம் ஷேர்ங்கற கணக்குல அப்புறம் தர்றதா சொல்லியிருந்தாங்க. அன்னிக்கு பாம் 95 டாலர்ல முடிஞ்சுது, ஒன்றரை பாம் ஷேரே 142 டாலருக்கு மேல, ஆனா 3காம் 82 கூட இல்ல, அப்ப மிச்ச 3காமுக்கு மார்க்கெட் போட்ட விலை ஷேருக்கு மைனஸ் 60 டாலர் சொச்சம்! தப்பு எங்கன்னா பாம் விலையிலதான், வெளிய புழங்கின ஷேர் கம்மி, விலை இறங்கும்னு ஷேரை கடன் வாங்கி விக்கறதுக்கும் (ஷார்ட் அடிக்கறது) லேசுல கிடைக்கல. அதனால கழிச்சுப் பார்க்கறதுக்கு முன்னாடி குட்டியோட விலை நியாயமானதான்னு பாருங்க.

கேள்வி: வித்தா டாக்ஸுக்கு புது ஷேரோட வாங்கின விலை பூஜ்யமா?

பதில்: இல்லைங்க. பழைய வாங்கின விலையையே ரெண்டா பிரிப்பாங்க, விகிதத்தை கம்பெனியே அறிவிச்சிடும். ரிலையன்ஸ்–ஜியோ ஃபைனான்சியல் பிரிவினைல ரிலையன்ஸுக்கு 95.32 சதவீதம், ஜியோ ஃபைனான்சியலுக்கு 4.68 சதவீதம். வெச்சிருந்த காலமும் பழைய ஷேர் வாங்கின தேதியில இருந்தே கணக்கு.