உடல் எடை 68 கிலோ என்றால் எத்தனை அவுன்ஸ் குத்துச்சண்டைக் கையுறை? இப்போதுள்ள 10 அவுன்ஸில் விரல் முட்டி வலிக்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள்.

ஒரே சோடியில் பஞ்சிங் பேக், ஸ்பாரிங் (இன்னொருவரோடு பயிற்சிச் சண்டை) இரண்டும் செய்ய வேண்டும் என்றால் 16 அவுன்ஸ். பேக்குக்கு மட்டும் என்றால் 14 போதும். ஸ்பாரிங்கில் எதிரே நிற்பவரின் முகத்தையும் யோசிக்க வேண்டுமே.

இப்போதுள்ள 10 அவுன்ஸில் விரல் முட்டி வலிப்பதற்குப் பெரும்பாலும் ஸ்பொஞ்ச் நைந்ததுதான் காரணம். கையுறையைப் போட்டுக்கொண்டு முட்டிப் பக்கத்தை மற்றக் கையால் அழுத்துங்கள். எலும்பு தட்டுப்பட்டால் அதை மாற்ற வேண்டியதுதான்.

கடைக்குப் போகும்போது, கையுறைக்குள் சுற்றும் கைப்பட்டியையும் கொண்டுபோய், அதைக் கையில் சுற்றிக்கொண்டு கையுறையைப் போட்டுப் பாருங்கள். வெறுங்கைக்குச் சரியாக இருப்பது, 4.5 மீட்டர் பட்டி சுற்றியபின் இறுகும்.

அப்புறம், திருகோணமலைப் புழுக்கத்தில் பையில் மூடி வைத்தால் புதியதும் சீக்கிரம் நாறும். நிழலில் காற்றாட விடுங்கள், வெயிலில் வேண்டாம்.

முட்டி வீங்கியிருந்தால் கையுறை வாங்குவது பிறகு, முதலில் டொக்டரிடம் காட்டுங்கள்.