ஜன்னலுக்குக் கீழே இரவுராணி வேண்டாம்

மேற்குச் சுவரோரம் மூன்றடி அகல மண், மதியத்துக்கு மேல் நல்ல வெயில், சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்தால் மணக்க வேண்டும், அதற்குச் செண்பகமும் இரவுராணியும் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செண்பகம் பெரிய மரமாகிவிடும், மூன்றடியில் அடங்காது. இரவுராணியைப் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே வைத்தால் பலருக்குத் தலைவலிதான் மிச்சம். கேட் பக்கம் என்றால் சரி.

உங்கள் இடத்துக்குக் குண்டுமல்லிதான். பொழுது சாயும்போதுதான் மொட்டு விரியும், நீங்கள் திண்ணைக்கு வரும் நேரமும் அதுதானே! நவம்பர் கடைசியில் தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு மேலே இருப்பதை வெட்டிவிடுங்கள். பாவம் பார்த்து விட்டுவிட்டால் செடி இலையாகவே நிற்கும். வெட்டினால் மார்ச்சிலிருந்து பூ பிடிக்கும்.

அப்புறம், நிழல் விழும் மூலை ஏதாவது இருந்தால் மனோரஞ்சிதம் வையுங்கள். பூ பச்சையாக இருக்கும்வரை இலையோடு இலையாக ஒளிந்திருக்கும், மணமும் பெரிதாக வராது. மஞ்சளாகத் திரும்பியதும் தேடவே வேண்டாம், மூக்கே காட்டிக்கொடுக்கும். கொக்கி போட்டு ஏறுகிற ஜாதி, அவ்வப்போது கத்தரிக்க வேண்டும். பவழமல்லி வைப்பதாக இருந்தால் துணி காயப்போடும் இடத்துக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம், கம்பளிப்பூச்சி வரும்.