சிதியை "தோழி" என்று சொல்லிவிட்டேன்

கேள்வி: இரண்டு பெண்களின் காதல் வருகிற ஒரு சரித்திர மாயாஜாலத் துப்பறியும் நாவல் வாசிக்கிறேன். காதலைக் கண்டுகொள்ளாமல் கதையை மட்டும் ரசிக்க முடியுமா?

முடியாது. நான் முயன்று பார்த்தவள்.

எந்த நாவல் என்று நீங்கள் சொல்லவில்லை. ஆனால் புத்தகம் உங்களுக்குப் பிடித்துவிட்டது, யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருக்கிறது, சொன்னால் உங்களைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்று தயங்குகிறீர்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. பிழையென்றால் மன்னியுங்கள். எனக்கு நடந்தது அதுதான்.

நான் கண்டியில் சரித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். போன வருடம் தங்கையின் மகள் என்னோடு வந்து தங்கியிருந்தபோது, பி. ஜெலி கிளார்க் எழுதிய 'எ மாஸ்டர் ஆஃப் ஜின்' என்ற ஆங்கில நாவலைத் தந்தாள். 2021இல் வந்தது, அறிவியல் புனைவுக்கும் மாயாஜாலக் கதைக்கும் கொடுக்கிற நெபுலா விருது வாங்கியது. "பெரியம்மா, எழுதினவரும் சரித்திரம் படிப்பிக்கிறவர்தான், வாசிச்சுப் பாருங்கோ" என்றாள். அரபுக் கதைகளில் வருகிற ஜின் என்ற பூதங்கள், மந்திரம் என்றால் நான் தள்ளி வைத்துவிடுகிற ஆள். கதை நடப்பது 1912இல், கெய்ரோவில் என்றபடியால் எடுத்தேன்.

அந்தக் கதையில் அல்-ஜாஹிஸ் என்ற ஒரு ஞானி, பல வருடங்களுக்கு முன் ஜின்களின் உலகத்துக்கும் நம் உலகத்துக்கும் நடுவில் இருந்த திரையைத் திறந்துவிட்டு மறைந்து போயிருக்கிறார். அதற்குப் பிறகு ஜின்கள் மனிதரோடு சேர்ந்து வாழ்கின்றன. அவற்றின் துணையோடு எகிப்து ஆங்கிலேயரைத் துரத்திவிட்டது. கெய்ரோ ஒரு வல்லரசின் தலைநகரம். அந்த ஞானியின் பெயரில் கூடுகிற ஆங்கிலேயக் கனவான்களின் இரகசியச் சங்கம் ஒன்று ஒரே இரவில் எரிந்து போகிறது. உடல்கள் கருகிக் கிடக்கின்றன, உடுப்புகளில் ஒரு பொட்டுக் கரிகூட இல்லை. நான்தான் அல்-ஜாஹிஸ் என்று பொன் முகமூடி போட்ட ஒருவன் கிளம்புகிறான். அதை விசாரிக்க ஆண்களின் ஆங்கில சூட்டும் வட்டத் தொப்பியும் கைத்தடியுமாக வருகிறவள்தான் ஃபத்மா. இப்படிப்பட்ட விவகாரங்களுக்கென்றே இருக்கிற அமைச்சு ஒன்றின் அதிகாரி அவள்.

மாயாஜாலமெல்லாம் சிறுபிள்ளை விளையாட்டு என்று எழுத வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உண்மைச் சரித்திரத்தில், 1882 செப்டம்பரில் தெல் எல் கபீர் என்ற இடத்தில் எகிப்தியப் படை ஆங்கிலேயரிடம் தோற்றது. அதற்குத் தலைமை தாங்கிய அகமது ஒராபி பாஷாவை ஆங்கிலேயர் நாடுகடத்தியது எங்கள் இலங்கைக்குத்தான். 1883 ஜனவரியில் கொழும்பில் இறங்கினார், பிறகு கண்டியில் இருந்தார், 1901இல்தான் ஊர் திரும்பினார். இந்தத் தோல்வியை எத்தனையோ வகுப்புகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். எகிப்து தோற்காமல் இருந்திருந்தால் கெய்ரோ எப்படி இருந்திருக்கும் என்று ஒருவர் தெருத் தெருவாகக் கட்டிக் காட்டும்போது, எனக்கு அது விளையாட்டாகப் படவில்லை. இரவு இரண்டு மணி வரை விளக்கை அணைக்கவில்லை.

துப்பறிகிற பகுதி கொஞ்சம் இலகு. குற்றவாளி யார் என்று பாதியிலேயே பிடிபட்டுவிட்டது. அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை.

இனி சிதி. ஃபத்மாவின் காதலி, எகிப்தின் தெற்கிலுள்ள நூபியாவைச் சேர்ந்த பெண், பழைய எகிப்தின் சிங்க முகத் தெய்வம் செக்மெத்தை வணங்குகிறவள். ஃபத்மாவோ முஸ்லிம். காதலைத் தள்ளிவிட்டு வாசிக்கலாமா என்று கேட்டீர்களே, சிதியை எடுத்துவிட்டால் பழைய தெய்வங்களின் கோயில்கள் பக்கம் ஃபத்மாவுக்கு அவ்வளவு இலகுவாகக் கதவு திறக்காது. வழக்கு கழுத்தை நெரிக்கிற நேரத்தில் அவள் சாய்ந்துகொள்ளவும் சண்டை பிடிக்கவும் ஆள் இருக்காது. அவர்கள் காதலிப்பது கதையில் ஒரு குற்றமும் இல்லை, கண்டுபிடிக்க வேண்டிய மர்மமும் இல்லை. சின்ன வயதிலிருந்து நான் வாசித்த துப்பறியும் கதைகளில் பெண் என்றால் பிணமாகக் கிடப்பாள், இல்லாவிட்டால் துப்பறிகிறவருக்குக் கோப்பு எடுத்துக் கொடுப்பாள். இந்த இரண்டு பேரும் சிரித்துக் கதைக்கிற பக்கங்களைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். கட்டில் காட்சிக்காக வாசித்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நினைத்தாலும் பரவாயில்லை.

சரி, எனக்கு நடந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியைகள் ஆறு பேர் மாதம் ஒருமுறை கூடி, வாசித்ததைச் சொல்லுவோம். என் வீட்டில் கூடிய மாதம் இந்தக் கதையைச் சொன்னேன். ஜின், முகமூடி, ஒராபி பாஷா எல்லாம் சொன்னேன். எங்களில் மூத்தவர், எழுபது தாண்டிய அக்கா, "பாவம், இரவு பகலா அலையிற பிள்ளை. வீட்டில அவளுக்கு ஒருத்தரும் இல்லையா?" என்று கேட்டார். "ஒரு தோழி வந்து போவாள்" என்றேன்.

தேநீர்த் தட்டோடு நின்ற பெறாமகள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லோரும் போன பிறகு கோப்பைகளைக் கழுவியபடியே, "சிதி தோழி இல்லையே பெரியம்மா" என்றாள். அவ்வளவுதான். தன்னைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. ஆணும் ஆணும் உறவு கொள்வதைக் குற்றமென்று சொன்ன, எங்கள் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவை 1995இல் திருத்தினார்கள். "ஆண்" என்றிருந்ததை "ஆள்" என்று மாற்றி, பெண்களையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். அப்போது நான் வேலையில் இருந்தேன். ஆசிரியர் அறையில் யாரும் அதைப் பற்றி வாய் திறந்ததாக நினைவில்லை, நானும் திறக்கவில்லை. இத்தனை வருடம் கழித்து என் சொந்த வீட்டிலும், ஒரு நாவலில் வருகிற பெண்ணுக்காகக்கூட, அதே மாதிரி இருந்துவிட்டேன்.

அடுத்த மாதம் முதல் ஆளாகப் பேசினேன். "போன முறை ஒன்றை மாற்றிச் சொல்லிவிட்டேன். சிதி அவளுடைய காதலி." ஒருவர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்துவிட்டார். அவர் இன்னும் என்னோடு சரியாகக் கதைப்பதில்லை. மூத்த அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப அந்தப் பிள்ளை தனிய இல்லை" என்றார். பிறகு புத்தகத்தை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இரவல் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. துப்பறியும் கதைப் புத்தகங்களில் பத்தாம் பக்கத்திலேயே "கொலைகாரன் இவன்தான்" என்று பேனையால் எழுதிவைக்கிறார்களே, அவர்களை என்னால் மன்னிக்க முடியாது. எங்கள் ஊர் நூலகத்தில் நான் எடுத்த மூன்று புத்தகங்களில் ஒன்று அப்படித்தான் இருந்தது. ஒன்றில் கடைசி ஐந்து பக்கத்தையே கிழித்திருந்தார்கள். பொறுப்பானவரிடம் காட்டினால், "வேற புத்தகம் எடுங்கோ மிஸ்" என்கிறார். ஒருவருடைய மூன்று இரவு வாசிப்பை அழிக்கிற வேலை இது. அதனால்தான் இங்கும் குற்றவாளியின் பெயரையோ சிதியைப் பற்றிய இன்னொரு விஷயத்தையோ நான் சொல்லவில்லை.

நீங்கள் காதலையும் சேர்த்தே வாசியுங்கள். யாராவது கேட்டால் காதலி என்றே சொல்லுங்கள். என் புத்தகம் இன்னும் அக்காவிடம்தான். போன கிழமை தொலைபேசியில் எடுத்து, சிதி இப்போதுதான் வந்திருக்கிறாள், வைக்கிறேன் என்றார்.