என் மகனை கேர்லிங்கில் சேர்த்தால் கனடா தேசிய ஜூனியர் போட்டி வரை போவானா?

நீங்கள் கேட்கிற விதத்தைப் பார்த்தால் மகனுக்குப் பத்து, பன்னிரண்டு வயது இருக்கும். ஹொக்கிக்குக் காசு கட்டிக் களைச்சிருப்பீங்கள். என்ர கதையும் அதுதான், அதால சொல்லுறன். கேர்லிங் எண்டால் ஐஸில கல்லைச் சறுக்க விட்டு, தூரத்து வட்டத்தின்ர நடுவுக்குக் கிட்ட நிப்பாட்டுற விளையாட்டு.

போகலாம். ஆனால் மாகாணப் போட்டியில முன்னுக்கு வர வேணும், அங்கதான் கழுத்து முறியும். வடக்கு ஒன்ராறியோ தனி மாகாணம் மாதிரித் தன்ர அணியை அனுப்பும். ரொறொன்ரோப் பக்கத்துப் பிள்ளையளுக்கு அந்த வழி இல்லை. பெடியளுக்கு 1950இலயும் பெட்டையளுக்கு 1971இலயும் தொடங்கின தேசியப் போட்டி இது. ஜெனிஃபர் ஜோன்ஸ் 1994இல, பிறட் கூஷு 2001இல இதை வென்று, பிறகு ஒலிம்பிக் தங்கம் வரைக்கும் போனவை.

என்ர மகன் மாகாணத்தோட நிண்டவன்.

கடைசி எண்ட், அதாவது கடைசிச் சுற்று. புள்ளி சமன். கடைசிக் கல்லு எங்கட பக்கம். ஸ்கிப் (அணித் தலைவன்) கல்லை விட்டிட்டான், என்ர மகன் அதுக்கு முன்னால பிரஷால ஐஸைத் தேய்ச்சுக்கொண்டு ஓடுறான். (தேய்க்கத் தேய்க்க ஐஸ் கொஞ்சம் சூடேறும், கல்லு இன்னும் தூரம் நேராப் போகும். சும்மா கூட்டுறதில்லை.) தூரத்து ஹொக் லைனுக்கு (வட்டத்துக்கு முன்னால இருக்கிற கோடு) வர முன்னமே பிரஷ் கல்லில முட்டிப்போச்சு. கண்ணாடிக்குப் பின்னால நிண்ட எனக்குத் தெரியேல்ல, எதிர் அணிக்கும் தெரியேல்ல. இவன் தானாக் கையைத் தூக்கி "பேர்ன்ட்" எண்டான். அந்த இடத்தில முட்டினால் கல்லை உடனே எடுக்க வேணும். எடுத்தாங்கள். ஹவுஸுக்குள்ள (அந்த வட்டத்துக்குள்ள) மற்றவையின்ர கல்லு ஒண்டு இருந்தது, புள்ளி அவைக்கு. அவ்வளவுதான்.

ஆட்டம் முடிய வென்றவையும் தோற்றவையும் ஒரே மேசையில இருந்து குடிக்கிறது இவையின்ர வழக்கம். நான் போகேல்ல, காரில இருந்தன். ஹொட் சொக்லேற் வாசத்தோட வந்து ஏறினான். "ஒருத்தரும் காணேல்லத்தானே, உனக்கேன் வாய்?" எண்டு கத்திப்போட்டன். "அப்பா, அது பேர்ன்ட்" எண்டான், எனக்கு விதி தெரியாது எண்டு நினைச்சவன் மாதிரி.

இதுக்குக் கீழ வந்து "பிள்ளைக்குக் களவு பழக்கிற அப்பா" எண்டு எழுதப் போறவைக்கு: ஆறு வருஷம் இரவு வேலை முடிச்சு நித்திரை கொள்ளாமல் காரோட்டிப் பாருங்கோ, பிறகு கதைப்பம்.

எங்கட சனத்தைப் பற்றியும் சொல்ல வேணும். "ஊரில முற்றம் கூட்டாதவன்ர பெடியன் இங்க ஐஸ் கூட்டுறானோ?" எண்டு பகிடி. ஊர்ச்சங்க ஆண்டு விழாவில அரங்கேற்றம் செய்த பிள்ளைக்கும் மருத்துவத்துக்கு எடுபட்ட பிள்ளைக்கும் பொன்னாடை. என்ர மகன்ர பெயரைக் குடுத்தால், "வேற ஏதும் செய்திருக்கிறாரோ?" எண்டு கேட்டினம். ஆறு மணி எண்டு அழைப்பிதழில போட்டு எட்டு மணிக்கு விளக்கேத்துற ஆக்கள்! சாப்பாடு பத்தரைக்கு, அதுவும் ஆறின கொத்து.

சரி, உங்கட கேள்வி. கல்லு வாங்கத் தேவையில்லை, கிளப்பில இருக்கும். ஒண்டு இருபது கிலோவுக்குக் கிட்ட, கிறனைட். சப்பாத்தும் இப்ப வாங்காதேங்கோ, கால் வளரும். சாதாரணச் சப்பாத்துக்கு மேல போடுற ஸ்லைடர் (ஐஸில வழுக்கிற அடி) போதும். ஹெல்மெட் கட்டாயம் வாங்குங்கோ, முதல் வருஷம் பின்னந்தலை அடிபட விழுவினம். நீங்கள் நேரத்தோட போங்கோ. ஹீற்றருக்குப் பக்கத்துக் கதிரை ரெண்டே ரெண்டுதான்.