மழைக்காலத்தில் ஷூ சோல் ஏன் ஒட்ட மறுக்கிறது?

கேள்வி: குன்னூரில் வசிக்கிறோம். தோட்டத்துக்குப் போட்டுப் போகும் ஷூவின் சோல் முன்பக்கம் வாய் பிளந்துவிட்டது. சொல்யூஷன் தடவி இரண்டு முறை ஒட்டியும் சில நாளில் பிரிகிறது. ஃபெவிக்விக்கும் நிற்கவில்லை. வேறு பசை வாங்க வேண்டுமா?

பதில்: பசையை மாற்றுவதற்கு முன் பிரிந்த இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். பசை மொத்தமும் ஒரு பக்கத்திலேயே வழவழவென்று நின்று, மறுபக்கம் வெறுமையாக இருந்தால் அந்தப் பக்கத்தில் அது பிடிக்கவே இல்லை. அழுக்கோ ஈரமோ தடுத்திருக்கிறது. இரு பக்கமும் பசை இருந்து நடுவில் கிழிந்திருந்தால் பிடிப்பு சரி, பசைப்படலம்தான் பலவீனம்: தடிமனாகப் பூசியிருப்பீர்கள், அல்லது காயுமுன் அழுத்தியிருப்பீர்கள். சோலே நகம் பட்டால் பொடிந்தால் ஒட்டும் வேலையை விட்டுவிடுங்கள். பாலியூரித்தேன் சோல் காற்றிலுள்ள ஈரத்தாலேயே சிதையும், அலமாரியில் சும்மா வைத்திருந்தாலும்கூட. சோலை மாற்றுவதுதான் வழி.

மலையில் பெரும்பாலும் நடப்பது முதல் வகை. சொல்யூஷனிலுள்ள கரைப்பான் ஆவியாகும்போது பூசிய இடத்தின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் வீட்டுக்குள் புகும் நாளில் காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிரம்பியிருக்கும். பரப்பு இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்தாலே பசைமேல் நீர் படிந்துவிடும். லேசான வெண்மை தெரிந்தால் அதுதான். இரண்டு பரப்புகளைப் பிடித்து நிறுத்தும் வான் டெர் வால்ஸ் விசை 1 நானோமீட்டருக்கும் குறைவான இடைவெளியில்தான் வலுவாக இருக்கும். நடுவில் நீர்ப்படலம் வந்துவிட்டால் எவ்வளவு அழுத்தியும் பயனில்லை. மேட்டுப்பாளையத்தில் நன்றாகப் பிடிக்கும் அதே டப்பா குன்னூரில் ஏமாற்றுவது இதனால்தான்.

ஃபெவிக்விக் ஈரத்தில் இறுகும், ஆனால் கண்ணாடி மாதிரி விறைத்துவிடும். நடக்கும்போது மடிகிற விரல் பகுதியில் விரிசல் விடும். அதை முழுக்கச் சுரண்டி எடுக்காமல் மேலே எதைப் பூசினாலும் வீண்.

ஷூவுக்குள் செய்தித்தாள் திணித்து இரண்டு நாள் உலர விடுங்கள். பழைய பசையைச் சுரண்டி, 80ஆம் எண் உப்புத்தாளால் இரு பக்கமும் பளபளப்பு போகும்வரை தேயுங்கள். தூசி தட்டி, ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவையுங்கள். வெயிலடிக்கும் நண்பகலில், மூடிய அறையில் இல்லாமல், அடுப்புக்கும் விளக்குக்கும் தூரத்தில் வைத்து இரு பக்கமும் மெல்லியதாகப் பூசுங்கள். துணியும் தோலும் உறிஞ்சும் என்பதால் அந்தப் பக்கத்துக்கு இன்னொரு பூச்சு வேண்டும். 15 நிமிடம் கழித்து விரலின் பின்புறத்தால் தொட்டால் நூல் இழுக்கக் கூடாது. கரைப்பான் வாசம் அடங்கியபின் ஹேர் டிரையரால் ஒரு நிமிடம் சூடேற்றுங்கள். படிந்த ஈரம் போகும், பசையும் மீண்டும் இளகும். உடனே குறிபார்த்து வைத்து அழுத்துங்கள், பிறகு நகர்த்த முடியாது. இந்த வகைப் பசைக்கு நேரத்தைவிட அழுத்தம்தான் முக்கியம். சுத்தியால் தட்டி, சைக்கிள் டியூப்பால் இறுகச் சுற்றுங்கள். சமவெளியில் 24 மணி நேரம் போதும்; உங்கள் குளிருக்கு 48 மணி நேரம் போடாமல் வையுங்கள்.

சோல் பி.வி.சி. என்றால் சாதாரண சொல்யூஷன் வேண்டாம். பி.வி.சி.யிலுள்ள மென்மையாக்கி கசிந்து பசையைக் குழைத்துவிடும். கடையில் பி.யு. (பாலியூரித்தேன்) பசை என்று கேட்டு வாங்குங்கள். ஒட்டியபின் முன்விளிம்பை மட்டும் செருப்புத் தைப்பவரிடம் நைலான் நூலால் தைத்து வாங்கிக்கொள்ளுங்கள். பிளவு தொடங்குவது அங்கேதான்.