கார்டு வேண்டாம், குற்றமென்பதை நீக்குங்கள்: சட்டத்தரணி பதில்கள்

இலங்கையில் பாலியல் தொழில் குற்றமா, ஐயா? (வாசகி, வெள்ளவத்தை)

பணத்துக்கு உறவு கொள்வதை மட்டும் தனியே குற்றமாக்கும் சட்டம் இல்லை. அதைச் சுற்றியுள்ளவைதான் குற்றம். பாலியல் தொழிலுக்கான விடுதி நடத்துவதை 1889ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் தடுக்கிறது. தெருவில் நிற்பவர்களைப் பிடிக்க 1841ஆம் ஆண்டின் நாடோடிகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதன் 3ஆம் பிரிவில் தண்டம் பத்து ரூபாய், அல்லது 14 நாள் சிறை. பத்து ரூபாய்க்குப் புறக்கோட்டையில் பிளேன்டீ கூடக் கிடைக்காது. அந்தச் சட்டத்துக்கோ இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை.

இத்தொழில் செய்யும் பெண்களைப் பதிந்து, கார்டு கொடுத்து மாதாமாதம் பரிசோதித்தால் நோய் பரவாதே? (வாசகர், கொட்டாஞ்சேனை)

வாடிக்கையாளருக்கு யார் கார்டு கொடுப்பது? பெண்களை மட்டும் பிடித்துப் பரிசோதிக்கும் சட்டத்தைப் பிரிட்டன் 1864இல் கொண்டுவந்து, எதிர்ப்புத் தாங்காமல் 1886இல் நீக்கியது. ஜெர்மனி 2017 முதல் பதிவைக் கட்டாயமாக்கியது. பெயர் வெளியே தெரிந்துவிடும் என்ற அச்சத்தில் பலர் பதியவேயில்லை. இங்கும் அதுவே நடக்கும். குடும்பத்துக்குத் தெரியாமல் இத்தொழிலுக்கு வரும் பெண் அரசாங்கப் பதிவேட்டில் கையெழுத்திடுவாளா? கார்டு இல்லாதவளை மிரட்டப் புதிய காரணம் கிடைக்கும், அவ்வளவுதான்.

நியூசிலாந்து வழி எனக்குச் சரியாகப் படுகிறது. பாலியல் தொழிலைக் குற்றமில்லை என்றாக்கி, 2003இல் ஒரே வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறிய சட்டம் அது. நான்கு பேர் வரை முதலாளி இல்லாமல் சேர்ந்து தொழில் செய்ய அனுமதிப்பத்திரம் வேண்டியதில்லை. குறையும் உண்டு: தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு இத்தொழில் தடை என்பதால், அடிபட்டாலும் அவர்கள் முறையிடத் தயங்குகிறார்கள்.

பரிசோதனை வேண்டுமென்றால் கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் உள்ள அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தில் இலவசமாக, இரகசியமாகச் செய்கிறார்கள். விரும்பி வருகிறவர்களை விரட்டாதிருந்தால் போதும்.

கைப்பையில் ஆணுறை இருந்தால் கைதுசெய்யலாமா? (பெயர் வேண்டாம்)

ஆணுறை வைத்திருப்பது குற்றமல்ல.

குற்றமில்லை என்றாக்கினால் ஆட்கடத்தல் பெருகாதா? (ஆசிரியை, பம்பலப்பிட்டி)

நியாயமான பயம். ஆனால் ஆட்கடத்தல் வேறு குற்றம். தண்டனைச் சட்டக்கோவையின் 360சி பிரிவில் 20 ஆண்டு வரை சிறை உண்டு. அதை யாரும் நீக்கச் சொல்லவில்லை. அடைத்து வைக்கப்பட்ட பெண்ணை முதலில் காண்பவள் பெரும்பாலும் அதே தொழிலில் இருப்பவள்தான். பொலிஸுக்குப் போனால் தானே மாட்டிக்கொள்வாள் என்றால் அவள் எப்படிச் சொல்வாள்?

என் தங்கையைப் பிடித்துவிட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டால் உடனே விடுவார்களாமே? (வாசகி, மருதானை)

அவசரப்படாதீர்கள், அம்மா. ஒப்புக்கொண்டால் அது பதிவாகி, அடுத்த முறை அவருக்கு எதிராக நிற்கும். நீதவான் முன் நிறுத்துவதற்குள் புதுக்கடை நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போய், பணமில்லை என்று சொல்லி ஒரு சட்டத்தரணியைக் கேளுங்கள்.