குடும்ப மர்மக் கதை எழுதுவோருக்கு: கேள்வி பதில்

கேள்வி: என் கதையில் கணவன் இளம் மனைவியை அறைக்குள் பூட்டி வைக்கிறான். படித்தவர்கள் பயமே வரவில்லை என்கிறார்கள். ஏன்?

பதில்: பூட்டைக் கண்டதுமே அவன் வில்லன் என்று தெரிந்துவிடுகிறது. பிறகு சந்தேகப்பட என்ன மிச்சம்? பூட்டை எடுத்துவிடுங்கள். "அக்காவிடம் பேசினாலே உனக்குத் தலைவலி வருகிறது, கொஞ்ச நாள் பேசாமல் இரேன்" என்று கரிசனமாகச் சொல்லட்டும். பிறகு பணக் கணக்கை அவனே பார்த்துக்கொள்ளட்டும். அப்புறம் அவளுடைய செல்பேசி பழுதாகும். சரிசெய்யத்தான் எடுத்துப் போயிருப்பான். ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருக்கும். கதவு திறந்தே கிடக்கும். போவதற்குத்தான் அவளுக்கு ஒரு வீடும் மிஞ்சியிருக்காது.

கேள்வி: தடயத்தை எங்கே ஒளிப்பது?

பதில்: கண்ணெதிரே. பாட்ரிக் ஹாமில்டனின் 1938ஆம் ஆண்டு நாடகம் 'கேஸ் லைட்'. இரவில் கணவன் வெளியே போன சிறிது நேரத்தில் வீட்டு விளக்குகள் மங்குகின்றன. தனக்குப் புத்தி பேதலிக்கிறதோ என்று மனைவி நடுங்குகிறாள். உண்மையில் அவன் யாருக்கும் தெரியாமல் மேல்மாடிக்குத் திரும்பி வந்து அங்குள்ள எரிவாயு விளக்கை ஏற்றுகிறான். வாயு அங்கே பிரிவதால் கீழே சுடர் தாழ்கிறது. அவளைக் கலங்கடித்த விளக்கே அவனைக் காட்டிக்கொடுக்கிறது. இவ்வளவு சிக்கனமான தடயத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கேள்வி: நாயகிக்குப் பெயரே வைக்காமல் எழுதலாமா?

பதில்: காரணம் இருந்தால் எழுதலாம். டாப்னி டு மோரியரின் 'ரெபெக்கா' நாவலில் கதை சொல்லும் இரண்டாவது மனைவிக்குப் பெயர் கிடையாது. இறந்துபோன முதல் மனைவியின் பெயரோ அட்டையிலேயே இருக்கிறது. வெறும் வித்தைக்காக என்றால் வேண்டாம்.

கேள்வி: அவள் அப்பாவியாக இருந்தால்தானே அனுதாபம் வரும்?

பதில்: அழுதுகொண்டே இருப்பவள் வாசகருக்குச் சீக்கிரம் அலுத்துப்போவாள். அவளும் கணவனிடம் ஒரு பொய் சொல்லட்டும்.

கேள்வி: கடைசியில் எல்லாம் அவளது பிரமை என்று முடிக்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். கணவன் நிரபராதி என்று வேண்டுமானால் முடியுங்கள். ஆனால் முன்பு சொன்ன ஒவ்வொரு செயலும் அந்த முடிவுக்கும் பொருந்த வேண்டும். செல்பேசியை எடுத்துப்போனது அவளைத் துண்டிக்கவா, அதில் வந்த மிரட்டலை அவள் பார்க்காமல் தடுக்கவா? இரண்டும் நம்பும்படி இருந்தால், மிரட்டியவர் யார் என்பதிலிருந்து மீதிக் கதையை எழுதுங்கள்.